கமாவுக்கு மார்க் போட்டது போதும், "இது இவருக்கு எப்படித் தெரியும்"னு கேளுங்க: ட்ரூ க்ரைம் பாடம் எடுக்கிறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

ட்ரூ க்ரைம் புத்தகங்கள, அதாவது நிஜமா நடந்த குற்றங்களப் பத்தின புத்தகங்கள, கிளாஸ்ல பாடமா வெச்சு, அதுக்கு அன்னோட்டேட்டட் பிப்ளியோகிராஃபி எழுதிட்டு வாங்கன்னு அசைன்மென்ட் குடுக்கிற எல்லா சார், மேடங்களுக்கும்,

வணக்கம்ங்க. "மதிப்பிற்குரிய"ன்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் அந்தத் தமிழ்லயே எழுதணும், எனக்கு அது வராது, அதனால பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் இந்தப் பாடத்த மாணவனா உக்காந்து படிச்சவன், அப்புறம் கொஞ்ச காலம் இதே மாதிரி ஒரு பாடத்துக்கு பேப்பர் திருத்திக் குடுத்தவன். மார்க் போனவனும் நான் தான், மார்க்க வெட்டினவனும் நான் தான்.

விஷயத்துக்கு வரேன். கொஞ்ச நாளா ஒரு பேச்சு ஓடுது, பிப்ளியோகிராஃபி எல்லாம் பழைய சமாச்சாரம், பசங்க எங்கேயாவது இருந்து சுட்டு ஒட்டிடுறாங்க, அதனால அத தூக்கிட்டு ஒரு பிரசன்டேஷனோ இல்ல "இந்தப் புத்தகம் உங்கள எப்படி பாதிச்சது"ன்னு ஒரு ரியாக்ஷன் பேப்பரோ வெச்சிடலாம்னு. தயவு செஞ்சு தூக்காதீங்க. வேற எந்தப் பாடத்துல தூக்கினாலும் நான் வாயத் திறக்க மாட்டேன், ட்ரூ க்ரைம்ல மட்டும் வேணாம். ஆனா ஒண்ணு, இப்ப நடத்துற மாதிரியே நடத்துறதா இருந்தா தூக்கினாலும் குடி ஒண்ணும் முழுகிடாது, அதையும் சொல்லிடுறேன்.

வெளில இருந்து படிக்கிறவங்களுக்காக: அன்னோட்டேட்டட் பிப்ளியோகிராஃபின்னா பெருசா ஒண்ணும் இல்ல, நீங்க படிச்ச புத்தகம், கட்டுரை எல்லாத்தையும் பட்டியல் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழ ஒரு பாரா எழுதணும், வழக்கமா ஒரு 150 வார்த்தை. அந்தப் பாராவுக்கு மூணு வேலை. புத்தகம் என்ன சொல்லுது, அத எந்த அளவுக்கு நம்பலாம், என் ஆராய்ச்சிக்கு அது எதுக்கு ஆகும். முதல் வேலை வெறும் சுருக்கம், அத எல்லாரும் செஞ்சிடுறாங்க. மூணாவதுக்கு "மிகவும் பயனுள்ளது"ன்னு ஒரு வரி, முடிஞ்சது. நடுவுல இருக்கே அந்த ரெண்டாவது, அதுல தான் மொத்த உசுரும் இருக்கு, அது தான் எந்தப் பேப்பர்லயும் கண்ணுல படல.

என் முதல் பிப்ளியோகிராஃபில 12 என்ட்ரி. திரும்பி வந்தப்போ ரெண்டாம் பக்கத்துல ஒரு இடத்துல சிவப்புப் பேனால அழுத்தி ஒரு வட்டம், பேப்பர் கிழியற அளவுக்கு. என்னன்னு பாத்தா, எம்எல்ஏ முறைப்படி, அதாவது புத்தக விவரம் எழுதுறதுக்கு காலேஜ்ல சொல்ற ஒரு முறைப்படி, பதிப்பகம் பேருக்கு அப்புறம் கமா வரணும், நான் முற்றுப்புள்ளி வெச்சிருக்கேன். ரெண்டு மார்க் போச்சு. அதே வட்டத்துக்கு நேர் கீழ, ட்ரூமன் கபோட்டியோட 'இன் கோல்ட் ப்ளட்' பத்தி நான் எழுதினது இது: "உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்ட விறுவிறுப்பான நூல். கொலையாளிகளின் மனநிலையை ஆசிரியர் ஆழமாகச் சித்தரிக்கிறார். எனது ஆய்வுக்கு மிகவும் பயனுள்ளது." அதுக்குப் பக்கத்துல ஒரு டிக், ஒரு "வெரி குட்". அந்த மூணு வரில ரெண்டு வரிய நான் புத்தகத்தோட பின்னட்டையப் பாத்து எழுதினேன், இப்ப ஒத்துக்கறேன். தப்பான வட்டம் எங்க விழுந்துச்சுன்னு பாருங்க, சரியான டிக் எங்க விழுந்துச்சுன்னு பாருங்க.

இதுல அந்த ஆசிரியர் மேல எனக்குக் கோவம் இல்ல, அவருக்கு ஒரு கட்டுப் பேப்பர், கமா கண்ணுக்குத் தெரியும், மத்தது தெரியாது. நான் திருத்த உக்காந்தப்போ நானும் அதையே தான் செஞ்சேன்.

இப்ப அந்தப் புத்தகத்தையே எடுத்துக்கலாம். 1959 நவம்பர்ல அமெரிக்காவுல, கான்சாஸ்ல ஹோல்கம்ங்கற சின்ன ஊர்ல ஒரு விவசாயக் குடும்பம், அப்பா, அம்மா, பொண்ணு, பையன், நாலு பேர ராத்திரில வீடு புகுந்து சுட்டுக் கொன்னாங்க. கபோட்டி போய் வருஷக் கணக்குல விசாரிச்சு எழுதினார், இது நிஜம், ஆனா நாவல் மாதிரி எழுதினதுன்னு சொன்னார், அச்சு அசலா உண்மைன்னு அடிச்சு சொன்னார். கடைசிப் பக்கங்கள்ல ஒரு காட்சி வரும், கல்லறைத் தோட்டத்துல விசாரணை அதிகாரியும் செத்துப் போன பொண்ணோட தோழியும் எதேச்சையா சந்திச்சுக்குவாங்க, அந்தப் பொண்ணு காலேஜ் போறா, வாழ்க்கை நகருது, கோதுமை மேல காத்து, படிக்கிறப்போ தொண்டைய அடைக்கும், எனக்கு அடைச்சுது. அந்தக் காட்சி நடக்கவே இல்ல. கபோட்டி செத்து நாலு வருஷம் கழிச்சு 1988ல வந்த அவரோட வாழ்க்கை வரலாற்றுல ஜெரால்ட் கிளார்க் இத எழுதிருக்கார், புத்தகத்த தூக்கு மேடையோட முடிக்க மனசில்லாம கபோட்டி அத கற்பனை பண்ணிச் சேர்த்தார்னு. அதுக்கும் ரொம்ப முன்னாடியே, புத்தகம் வந்த அதே 1966ல, ஃபிலிப் டாம்ப்கின்ஸ்ங்கறவர் கான்சாஸுக்கே போய் ஆளுங்கள விசாரிச்சு எஸ்கொயர் பத்திரிகைல எழுதினார், செத்துப் போன பொண்ணோட குதிரை யாருக்கு என்ன விலைக்குப் போச்சுங்கற வரைக்கும் நோண்டிப் பாத்து, நடந்தது ஒண்ணு, புத்தகத்துல இருக்கறது ஒண்ணுன்னு.

குதிரை விலை ஒரு பெரிய விஷயமான்னு கேப்பீங்க. இல்ல தான். ஆனா குதிரை விலைய அழகுக்காக மாத்துற கை, வேற எதையெல்லாம் மாத்திருக்கும்னு ஒரு கேள்வி வருதுல்ல, அந்தக் கேள்வி மாணவனுக்கு வரணும், அதுக்குத் தான் இந்தப் பாடமே.

சும்மா குறை சொல்லிட்டு போகாம, இப்ப அதே என்ட்ரிய எழுதச் சொன்னா நான் எப்படி எழுதுவேன்னும் காட்டுறேன்:

"கபோட்டி கொலை நடந்தப்புறம் தான் அந்த ஊருக்குப் போனார், அதனால குடும்பத்தோட கடைசி நாள் பத்தி முதல் பகுதில வர்றது எல்லாம் மத்தவங்க சொல்லிக் கேட்டது. பேட்டி எடுக்கிறப்போ குறிப்பும் எடுக்கல, டேப்பும் போடல, பின்னாடி உக்காந்து ஞாபகத்துல இருந்து எழுதினதா அவரே சொல்லிருக்கார். எந்தத் தகவல் எங்க இருந்து வந்துச்சுன்னு பின்குறிப்பு கிடையாது, முன்னாடி நன்றியுரைல பொதுவா ஒரு வரி, அவ்வளவு தான். கடைசிக் காட்சி கற்பனை. கொலை பண்ணின ரெண்டு பேர்ல பெர்ரி ஸ்மித்துக்குக் கிடைக்கிற பரிவு ஹிக்காக்குக்குக் கிடைக்கல. 1965 ஏப்ரல்ல ரெண்டு பேரையும் தூக்குல போட்டாங்க, அதே வருஷம் செப்டம்பர்ல நியூயார்க்கர் பத்திரிகைல தொடரா வர ஆரம்பிச்சுது, அதாவது அவங்க சாகாம இந்தப் புத்தகத்துக்கு முடிவு கிடைச்சிருக்காது. அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சுங்கறதுக்கு சாட்சியா இத வெக்க மாட்டேன், ஒரு கொலைய நாவல் மாதிரி சொல்லப் போனா என்னெல்லாம் செய்ய வேண்டி வருதுங்கறதுக்கு வெப்பேன்."

இதுல ஒரு இடத்துலயும் "விறுவிறுப்பான" இல்ல, கவனிச்சீங்களா. ஏதாச்சும் கமா தப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

இத எழுத ரொம்பப் புத்திசாலியா இருக்கணும்னு இல்ல, ஒரே ஒரு கேள்விய விடாம கேட்டுட்டே இருக்கணும்: இது இவருக்கு எப்படித் தெரியும்? நேர்ல பாத்தாரா, யாராவது சொன்னாங்களா, கோர்ட் ரெக்கார்டா, போலீஸ் ஃபைலா, இல்ல "இப்படித் தான் இருந்திருக்கும்"னு தானே நெனச்சுக்கிட்டாரா. கொலை நடந்த ரூம்ல இருந்தவங்க யாரு? செத்தவங்க பேச மாட்டாங்க, கொன்னவன் பேசினா பொய் சொல்லுவான். அப்போ அந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு வரி வரியா எழுதிருக்கிற ஒரு புத்தகத்த கையில வெச்சுட்டு இந்தக் கேள்வியக் கேக்காம படிக்கிறது எப்படின்னு எனக்கு இப்ப புரியல, ஆனா நானே அப்படித் தான் ஒரு செமஸ்டர் பூராவும் படிச்சிருக்கேன். ஒரு காலத்துல இங்கிலாந்துல தூக்கு போடுறதுக்கு முன்னாடியே "கைதியின் கடைசி வாக்குமூலம்"னு துண்டுத்தாள் அடிச்சு, பாட்டோட சேத்து கூட்டத்துல வித்திருக்காங்க, நம்ம கொலைச்சிந்து மாதிரி. ஆள் இன்னும் உசுரோட இருக்கான், அவன் கடைசியா சொன்னது அச்சாகி ரெடி. இந்த எழுத்து வகை பொறந்த எடம் அப்படி, அதனால சந்தேகப்பட்டா அது புத்தகத்த அவமானப்படுத்துறது ஆகாது.

அதனால மாணவர்கள் கிட்ட சொல்லுங்க, ட்ரூ க்ரைம் புத்தகத்த பின்பக்கத்துல இருந்து திறங்கன்னு. கேட் சம்மர்ஸ்கேல் எழுதின 'தி சஸ்பிஷன்ஸ் ஆஃப் மிஸ்டர் விச்சர்', 2008ல வந்தது, 1860ல இங்கிலாந்துல ஒரு வீட்டுல மூணு வயசுப் பையன கொன்ன கேஸ், அதுவும் நாவல் மாதிரி தான் ஓடும், ஆனா பின்னாடி பக்கம் பக்கமா குறிப்பு, இந்தப் பேச்சு எந்த விசாரணைல சொன்னது, இது எந்தப் பத்திரிகைல வந்ததுன்னு. டேவிட் கிரான் ஓசேஜ்ங்கற அமெரிக்கப் பூர்வகுடி மக்களோட கொலைகளப் பத்தி 2017ல எழுதினதும் அப்படித் தான். ரெண்டையும் கபோட்டி பக்கத்துல வெச்சு கடைசி அம்பது பக்கத்த மட்டும் புரட்டிப் பாக்கச் சொல்லுங்க, ஒரு லெக்சர் மிச்சம்.

இன்னொண்ணு. கமாவ நான் கிண்டல் பண்றேன்னு சைட்டேஷனே வேணாம்னு சொல்றதா எடுத்துக்காதீங்க. பதிப்பும் வருஷமும் இந்தப் பாடத்துல அலங்காரம் இல்ல, அது தான் துப்பு. ஆன் ரூல் எழுதின 'தி ஸ்ட்ரேஞ்சர் பிசைட் மீ' 1980ல வந்துச்சு. அந்தம்மா முன்னாடி போலீஸ்ல இருந்தவங்க, 1971ல சியாட்டில்ல தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைன்ல ராத்திரி ஷிஃப்ட்ல, பின்னாடி தொடர் கொலைகாரன்னு தெரிய வந்த டெட் பண்டி பக்கத்து நாற்காலில உக்காந்து வேலை பாத்தவங்க, அப்புறம் ஊர்ல பொண்ணுங்க காணாமப் போறதப் பத்தி புத்தகம் எழுத ஒத்துக்கிட்டப்போ கொன்னது அந்த ஆளுன்னு அவங்களுக்கே தெரியாது. 1980 பதிப்புல பண்டி எதையும் ஒத்துக்கல. 1989 ஜனவரில மின்சார நாற்காலிக்குப் போறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தான் வரிசையா ஒத்துக்கிட்டான், அதெல்லாம் பின்னாடி வந்த பதிப்புகள்ல சேத்தது. அப்போ ஒரு மாணவன் "ரூல் தன் நண்பன் மேல கடைசி வரைக்கும் தயங்குறாங்க"ன்னு எழுதினா, எந்தப் பதிப்ப படிச்சான்னு தெரியாம அது சரியா தப்பான்னு சொல்லவே முடியாது. கலிஃபோர்னியால ரொம்ப வருஷமா பிடிபடாம இருந்த ஒரு தொடர் கொலைகாரனத் தேடி மிஷெல் மெக்நமாரா எழுதின புத்தகமும் அப்படி. அவங்க 2016ல இறந்துட்டாங்க, பாதில இருந்தத கூட இருந்தவங்க முடிச்சு 2018 பிப்ரவரில கொண்டு வந்தாங்க, ஆள் பிடிபட்டது அதே வருஷம் ஏப்ரல்ல, மரபணு வழியா சொந்தக்காரங்களத் தேடிப் போய். ரெண்டே மாச வித்தியாசம். அந்தப் புத்தகத்த எழுதினப்போ யாருக்கும் பேரு தெரியாதுங்கறது தான் அதோட ஒவ்வொரு பக்கத்துலயும் இருக்கற தவிப்பு, அத கவனிக்காம "குற்றவாளிய கண்டுபிடித்த நூல்"னு எழுதின ஒரு பேப்பருக்கு நான் பத்துக்கு எட்டு போட்டிருக்கேன், ஃபார்மட் சரியா இருந்துச்சுன்னு. இன்னிக்கும் உறுத்துது.

அடுத்தது எண்ணிக்கை. 12 புத்தகம், 15 புத்தகம்னு கேக்குறத விடுங்க, யாரும் படிக்கிறதில்ல, உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். ஒரே கேஸ எடுத்து அதுல நாலஞ்சு என்ட்ரி மட்டும் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு இதுக்கு ஜெஃப்ரி மெக்டொனால்ட் கேஸ விட்டா வேற நல்ல உதாரணம் கிடையாது. 1970ல அமெரிக்க ராணுவ முகாம் ஒண்ணுல, டாக்டரா இருந்த ஆளோட மனைவியும் ரெண்டு சின்னப் பொண்ணுங்களும் கொலை, வெளியாளுங்க புகுந்தாங்கன்னு அவர் சொல்றார், 1979ல அவரு தான் கொன்னாருன்னு தீர்ப்பு. ஜோ மெக்கின்னிஸ்ங்கற எழுத்தாளர் அந்த வழக்கப்போ அவரோட தரப்பு ஆளுங்களோடயே தங்கி, கூடவே சாப்ட்டு, ஜெயிலுக்குப் போனப்புறமும் உருக உருக லெட்டர் போட்டு, கடைசில 1983ல 'ஃபேட்டல் விஷன்' வந்தப்போ பாத்தா புத்தகம் பூரா இவன் தான் கொலைகாரன்னு. ஜெயில்ல இருந்தே அவர் எழுத்தாளர் மேல கேஸ் போட்டார், 1987ல ஜூரிக்குள்ள ஒத்துப் போகாம நின்னு போச்சு, அப்புறம் 3,25,000 டாலர் குடுத்து சமரசம். இத வெச்சு ஜேனட் மால்கம் 'தி ஜர்னலிஸ்ட் அண்ட் தி மர்டரர்' எழுதினாங்க, 1990ல புத்தகமா வந்துச்சு, பத்திரிகைக்காரன் பேட்டி குடுக்கிறவன எப்படி ஏமாத்துறான்னு. அந்தம்மா மேலயே அப்போ ஒரு கேஸ் ஓடிட்டு இருந்துச்சு, சொல்லாதத சொன்னதா மேற்கோள் போட்டாங்கன்னு, பிற்பாடு 1994ல அவங்க ஜெயிச்சாங்கங்கறது வேற. 2012ல எரால் மோரிஸ் வந்து, இருங்க, முதல் தீர்ப்பே சரியான்னு பாப்போம்னு இன்னொரு தடிப் புத்தகம்.

இந்த மூணையும் தனித்தனியா சுருக்கம் எழுதினா மூணு பாரா, ஒண்ணும் தேறாது. சேத்து வெச்சு எழுதினா ஒவ்வொரு பாராவும் அடுத்த பாராவோட சட்டையப் பிடிக்கும். முதல் ஆள் எழுதினத ரெண்டாவது ஆள் எப்படி எழுதினார்னு கேக்குறாங்க, ரெண்டாவது ஆள் கேக்காம விட்டத மூணாவது ஆள் கேக்குறார், கொலை பண்ணினது யாருங்கறத மால்கம் தன் வேலையாவே எடுத்துக்கல. இதுல ஒரு வேடிக்கை, அகரவரிசைல போட்டா மால்கம், மெக்கின்னிஸ், மோரிஸ்னு வரும், பதில் முதல்லயும் கேள்வி ரெண்டாவதும். நான் திருத்தின ஒரு பொண்ணு வரிசைய மாத்தி வருஷப்படி போட்டிருந்தா, ஏன்னு ஒரு வரி காரணமும் எழுதிருந்தா. விதிப்படி அதுக்கு மார்க் குறைக்கணும். குறைச்சேன். அத திருப்பிக் குடுத்தப்போ அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்கல, பேப்பர மடிச்சு பைல வெச்சுட்டுப் போயிட்டா, கேட்டிருந்தா என்ன பதில் சொல்லிருப்பேன்னு எனக்குத் தெரியல.

செத்தவங்க பத்தி ஒரு வரியாவது எல்லா அன்னோட்டேஷன்லயும் இருக்கணும்னு கேளுங்க. புத்தகத்துல அவங்க எத்தனாவது பக்கத்துல செத்துப் போறாங்க, அதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் உசுரோட இருக்காங்க, அதுக்கு அப்புறம் பேரு வருதா. ஹாலி ரூபென்ஹோல்ட் 2019ல 'தி ஃபைவ்'னு எழுதினாங்க, 1888ல லண்டன்ல ஜாக் தி ரிப்பர் கொன்ன அஞ்சு பொண்ணுங்களோட வாழ்க்கை, கொலைகாரன் பத்தி கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. அஞ்சு பேரும் பாலியல் தொழில் பண்ணினவங்கன்னு நூத்துச் சொச்ச வருஷமா ஒருத்தரப் பாத்து ஒருத்தர் எழுதிட்டே வந்தாங்க, இவங்க ஆவணங்களத் தோண்டி, மூணு பேருக்கு அப்படி ஆதாரமே இல்லன்னு சொன்னாங்க. ஒருத்தராவது "இது எப்படித் தெரியும்"னு ஓரத்துல பென்சில்ல எழுதிருந்தா இவ்வளவு வருஷம் ஆகிருக்குமா.

ரியாக்ஷன் பேப்பர் ஏன் வேணாம்னும் சொல்லணும். ஒரு கிளாஸ்ல நாப்பது பேரு இருந்தா, அதுல ஒருத்தர் வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு நிஜமாவே நடந்திருக்கலாம். அந்தப் பையன் கிட்ட போய் "படிச்சப்போ உனக்கு எப்படி இருந்துச்சு, ரெண்டு பக்கத்துக்கு எழுது"ன்னு கேக்குறது கொடுமைங்க. பிப்ளியோகிராஃபி அப்படிக் கேக்காது. இந்த எழுத்தாளர் எங்க இருந்து எடுத்தார், யார விட்டுட்டார்னு தான் கேக்கும். மனசத் திறந்து காட்டாம புத்தகத்தோட மல்லுக்கு நிக்க அது ஒரு எடம் குடுக்கும்.

சுட்டு ஒட்டுறது பத்தி. உண்மை தான், இப்ப சாட்ஜிபிடி கிட்ட கேட்டா ஒரு நிமிஷத்துல பட்டியல் வந்துடும், இல்லாத புத்தகத்தையும் சேத்துக் குடுக்கும். 2023ல நியூயார்க்ல ரெண்டு வக்கீலுங்க அது குடுத்த இல்லாத தீர்ப்புகள நம்பி கோர்ட்ல மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் வாங்கினாங்க, வக்கீலே மாட்டுறப்போ பசங்கள என்ன சொல்றது. ஆனா "விறுவிறுப்பான நூல்"னு எழுதினவனுக்கு டிக் போட்ட காலத்துலயே நாங்க பின்னட்டைல இருந்து தான் சுட்டோம், மெஷின் வந்து கெடுத்துடல. புத்தகத்த கையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க, நீ எழுதின இந்த வரி எந்தப் பக்கம், காட்டுன்னு அஞ்சு நிமிஷம் பேசுங்க. படிச்சவன் பக்கத்தக் காட்டிட்டு அங்கேயே சண்டைக்கு வருவான், படிக்காதவன் புரட்டிட்டே இருப்பான்.

இப்படி நோண்டிட்டே படிச்சா ரசிக்க முடியாதேன்னு ஒரு மேடம் என் கிட்ட சொன்னாங்க. நான் அந்தக் கல்லறைக் காட்சிய போன மாசம் திரும்பப் படிச்சேன், பொய்ன்னு தெரிஞ்சே தான் படிச்சேன், தொண்டை அப்பவும் அடைச்சுது. ஆனா இந்த தடவை, எதுக்கு அடைக்குதுன்னு கொஞ்ச நேரம் புத்தகத்த மூடி வெச்சுட்டு உக்காந்திருந்தேன்.

கேக்குறது இவ்வளவு தான். அடுத்த செமஸ்டர் அசைன்மென்ட் ஷீட் அடிக்கிறப்போ, "150 வார்த்தை, எம்எல்ஏ முறை, அரை இஞ்ச் தள்ளி"ன்னு இருக்கற எடத்துக்கு மேல ஒரு வரி சேருங்க: ஆசிரியருக்கு இது எப்படித் தெரியும், பக்க எண்ணோட எழுதவும். பத்து மார்க்ல அதுக்கு ஆறு. ஃபார்மட்டுக்கு ஒண்ணு போதும், ரெண்டு வேணா வெச்சுக்கோங்க.

இப்படிக்கு,
பதிப்பகம் பேருக்கு அப்புறம் முற்றுப்புள்ளி வெச்சவன்